முழு இரவு கேட்கும் கலைகள்

கடந்த பருவங்களைத் திரும்பிப் பார்த்து, வரும் பருவங்களில் என்ன செய்யலாம் என்று நாஞ்சில் நாட்டுக் கலைகளை முன்வைத்து இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவில் பேசச் சொன்னீர்கள். ஒரு கலைமன்றம் தன் அடுத்த ஆண்டுத் திட்டத்தை வகுக்கும் முன் வெளியாள் ஒருவரைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்பதற்குப் பெரிய மனம் வேண்டும். அந்த மதிப்பை மனத்தில் கொண்டு, சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாம் நம் கலைகளுக்கு மேடை கொடுத்தோம், விருது கொடுத்தோம், பொன்னாடை போர்த்தினோம். நேரம் மட்டும் கொடுக்கவில்லை. வரும் பருவத்தில் கொடுக்க வேண்டியது அதைத்தான்.

கலைக்கென்று ஒரு பருவம் வைத்துக்கொள்வதை இந்தக் குமரி மாவட்டத்துக்கு மன்றங்கள் வந்து கற்றுக்கொடுக்கவில்லை. வயல்தான் அந்தப் பருவத்தை வகுத்தது. இங்கே கன்னிப்பூ, கும்பப்பூ என இரண்டு போகம். கும்பப்பூ அறுத்து, மாசியில் நெல் பத்தாயத்துக்குப் போனதும் ஊர்க்கூட்டம் கூடும். வீட்டுக்கு இவ்வளவு என்று வரி பிரிப்பார்கள். கால் நாட்டுவார்கள். வில்லுக்காரருக்கு ஆள் போகும். பங்குனி, சித்திரை, வைகாசி மூன்று மாதமும் கொடைக்காலம். செவ்வாயோ வெள்ளியோ கொடைநாள். அதற்கு முந்தின இரவு குடியழைப்பு. மறுநாள் மஞ்சள் நீராட்டு. முத்தாரம்மன், இசக்கியம்மன், சுடலைமாடன், பூதத்தான் என்று தெருவுக்குத் தெரு கோவில், கோவிலுக்குக் கோவில் வில்லுப்பாட்டு. சுடலைமாடன் கோவில் என்றால் பல ஊர்களில் கணியான் கூத்தும் உண்டு. இரண்டு மகுடங்கள் மாறி மாறி அதிர, பெண் வேடமிட்ட இருவர் ஆட, அண்ணாவி கதையைப் பாடிக்கொண்டு போவார். ஒரு நல்ல வில்லிசைக் குழுவுக்கு இந்த மூன்று மாத வருமானம்தான் ஆண்டு முழுக்கச் சோறு.

மற்ற மாதங்களும் வெறுமையாக இருந்ததில்லை. மாசியில் மண்டைக்காட்டுக் கொடை பத்து நாள். புரட்டாசியில் பத்மநாபபுரம் சரஸ்வதியும், வேளிமலைக் குமாரசாமியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்கு நவராத்திரிப் பயணம் புறப்படுவார்கள். ஐப்பசியிலும் பங்குனியிலும் திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் திருவிழாவில் கதகளி நடக்கும். கார்த்திகையில் சாமித்தோப்பில் அய்யாவழியினரின் அகிலத்திரட்டு ஏடு வாசிப்பு. கோட்டாறு சவேரியார் திருவிழா நவம்பர் கடைசியில் தொடங்கி டிசம்பர் 3-இல் முடியும். மார்கழியில் சுசீந்திரம் தேர்த் திருவிழா. அதன் மூன்றாம் நாள் பிள்ளைத் தெய்வங்கள் தாய்தந்தையரைப் பார்க்க வரும் மக்கள்மார் சந்திப்புக்கு எவ்வளவு கூட்டம் கூடும் என்பது இங்கே இருக்கிற எல்லோருக்கும் தெரியும். தையில் நாகராஜா கோவில் திருவிழா. இவற்றோடு தக்கலையில் சூஃபிப் புலவர் பீர்முகம்மது அப்பாவின் நினைவு நாள், ரஜப் மாதம் 14-ஆம் இரவு. ஹிஜிரி ஆண்டுப்படி வருவதால் அது நம் மாதக்கணக்கில் நகர்ந்துகொண்டே இருக்கும்.

இந்தப் பட்டியலில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. தக்கலையில் அந்த இரவு அப்பாவின் ஞானப்புகழ்ச்சியை இரவு முழுக்கப் பாடுகிறார்கள். தேர்ந்தெடுத்த சில பாடல்களைப் பாடி முடித்து வீட்டுக்குப் போகலாம் என்று யாரும் நினைப்பதில்லை. நூல் முழுவதும் பாடப்பட்டால்தான் அந்த இரவு நிறைவு. சாமித்தோப்பில் ஏடு வாசிப்பு 17 நாள். 1841-இல் எழுதப்பட்டதாகச் சொல்லப்படும் அம்மானையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்து, கேட்போருக்கு விளங்கப் பொருளும் சொல்லி, இடையில் திருக்கல்யாணம், முடிவில் பட்டாபிஷேகம் என்று ஊரே சேர்ந்து கொண்டாடி முடிக்கிற வாசிப்பு அது. திருவட்டாற்றில் கதகளி விளக்கு ஏற்றினால் ஆட்டம் நள்ளிரவைத் தாண்டிப் போகும். சமயம் வேறு, சாதி வேறு, மொழிகூட வேறு. ஆனால் அளவு ஒன்றுதான்: ஒரு முழு இரவு, அல்லது முழு இரவுகளின் தொடர். நிலைத்து நின்ற கலைகள் எல்லாம் தங்கள் முழு நேரத்தைக் கைவிடாதவை.

திருவனந்தபுரம் நவராத்திரி மண்டபக் கச்சேரியைப் பாருங்கள். நம் மூன்று தெய்வங்களும் குழித்துறை, களியக்காவிளை வழியாகப் போய்ச் சேருகிற இடம் அது. திருவிதாங்கூர் மன்னர் தர்மராஜா காலத்தில் தலைநகரம் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறியது. கம்பர் வழிபட்டதாகச் சொல்லப்படும் சரஸ்வதியை அங்கே கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவரும் வழக்கம் வந்தது. சுவாதித் திருநாள் (1813–1846) ஒன்பது இரவுக்கும் ஒன்பது கீர்த்தனைகள் செய்துவைத்தார். முதல் நாள் சங்கராபரணம், அடுத்து கல்யாணி, சாவேரி, தோடி, பைரவி, பந்துவராளி, சுத்தசாவேரி, நாட்டைக்குறிஞ்சி, ஆரபி. எந்தப் பெரிய வித்துவான் வந்தாலும் அன்றைய ராகம் அன்றைக்கு உரியது. முல்லைமூட்டு பாகவதர்கள் தோடயமங்கலம் பாடிய பிறகே கச்சேரி. இவ்வளவு இறுக்கமான ஒழுங்கு உள்ள இடத்திலும் மாற்றம் நுழைந்தது. 2006-இல் பாறசாலை பொன்னம்மாள் அந்த மண்டபத்தில் பாடிய முதல் பெண்ணாக ஆனார். அப்போது அவருக்கு வயது எண்பதைக் கடந்திருந்தது. களியக்காவிளையைத் தாண்டினால் பாறசாலை. நம் பக்கத்து வீட்டுக்காரர் என்றே சொல்லலாம். ராகவரிசையை யாரும் தொடவில்லை, நேரத்தைக் குறைக்கவில்லை. பாடுவது யார் என்பதில்தான் கதவு திறந்தது. மரபைக் காப்பதற்கும் மாற்றுவதற்கும் இடையில் எந்த இடத்தில் கை வைக்கலாம், எந்த இடத்தில் வைக்கக்கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியாது.

இனி வில்லுக்கு வருகிறேன். இன்றைக்கு நான் பேச வந்ததன் பெரும்பகுதி அதுதான்.

கோவிலுக்கு எதிரே பந்தல். சாமியைப் பார்த்து வில் வைத்திருக்கும். ஆள் உயரத்தைவிட நீண்ட வில், முறுக்கிய தோல்நாண், வில்லில் வரிசையாகத் தொங்கும் மணிகள். நடுவில் அண்ணாவி, இரண்டு கையிலும் வீசுகோல். வலப்பக்கம் உடுக்கை. இடப்பக்கம் வைக்கோல் புரிமணையில் சரித்து வைத்த குடம், தாளம், கட்டை. காப்புப் பாடி, குருவடி பாடி, அவையடக்கம் சொல்லி, நாட்டு வளம் பாடி, பிறகு கதை. வலத்தே பாடுகிறவர் ஓர் அடியை எடுக்க, இடத்தே பாடுகிறவர் அதை வாங்கி முடிப்பார். மேலோட்டமாகப் பார்க்கிறவருக்கு இது பாட்டும் பேச்சும் கலந்த கதைசொல்லல். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து அண்ணாவியின் கண்ணைக் கவனித்தால் வேறொன்று தெரியும். அவர் பாடிக்கொண்டே கருவறையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஏனென்றால் நள்ளிரவுச் சாமக்கொடையின் தீபாராதனை எப்போது என்பதை அவரால் முடிவு செய்ய முடியாது. படைப்பு இன்னும் ஆகவில்லை என்றால் கதையை நிறுத்தி வைக்கவும் கூடாது. அப்போது பாட்டில் படை நீளும். எந்த ஊர் வழியாக வந்தார்கள், எந்தக் குளக்கரையில் பாளையம் இறங்கினார்கள், எந்தக் குதிரைக்கு என்ன பெயர் என்று வர்ணனை விரியும். பூசாரி தலையசைத்தாரோ, நான்கு அடியில் சண்டை முடிந்து கதை சாவின் விளிம்புக்கு வந்துவிடும். உடுக்கை நடை மாறும், குடம் அதைப் பற்றிக்கொள்ளும், சாமியாடும் கோமரத்தாடிக்கு உடம்பு நடுங்கத் தொடங்கும். உடனே அண்ணாவி கதையை விட்டு, சாமியை அழைக்கும் வரத்துப் பாடுவார். சாமி இறங்கி, ஆடி, குறி சொல்லி, மலை ஏறிய பிறகு விட்ட அடியிலிருந்து கதை மறுபடி தொடரும். இவ்வளவையும் எழுதிவைத்த ஏட்டைப் பாராமல் செய்ய வேண்டும். ஊர் முழுக்க விழித்திருக்கும் ஓர் இரவைத் தன் குரலால் அளந்து கொடுப்பது அண்ணாவியின் கலை.

அமெரிக்க ஆய்வாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1970-களின் பிற்பகுதியில் இந்த வட்டாரத்தில் தங்கி வில்லுப்பாட்டை ஆராய்ந்தார். 1988-இல் வெளியான அவருடைய நூலுக்கு உயிரான கருத்து இதுதான். கைலாயத்தில் பிறந்த தெய்வங்களின் கதைகளும் உண்டு, மண்ணில் வெட்டுப்பட்டுத் தெய்வமானவர்களின் கதைகளும் உண்டு. சாவின் கதைகள்தான் இரவின் ஆழத்துக்கு வரும், அவற்றில்தான் சாமி வலுவாக இறங்கும். எந்தக் கதை எந்த நேரத்தில் என்பது தற்செயல் இல்லை. இந்த ஒழுங்கு நம் பாட்டன் பூட்டனுக்கு நன்றாகத் தெரியும். அதை எழுத்தில் வைக்க வெளிநாட்டிலிருந்து ஒருவர் வர வேண்டியிருந்தது. நம்மவர்களும் சும்மா இருக்கவில்லை. நெல்லையில் நா. வானமாமலை, ஐவர் ராசாக்கள் கதை, முத்துப்பட்டன் கதை போன்றவற்றைப் பதிப்பித்தார். நம் மாவட்டத்தில் அ. கா. பெருமாள் வாழ்நாள் முழுக்க ஏடுகளையும் கலைஞர்களையும் தேடிப்போனவர். கொடை நடக்கிற ஊருக்கே போய்க் கேட்டு எழுதினார் என்பது அவருடைய எழுத்தின் பலம்.

இந்த நீளம் எப்படிச் சுருங்கியது? கெட்ட எண்ணத்தோடு யாரும் சுருக்கவில்லை. ஒழுகினசேரியில் 1908-இல் பிறந்த என். எஸ். கிருஷ்ணன் டி. கே. எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் வளர்ந்து சினிமாவுக்குப் போன பிறகும் வில்லை விடவில்லை. நகரத்து மேடைக்கு ஏற்ற அளவில் வில்லுப்பாட்டை அமைத்தார். அவர் சென்னைக்கு அழைத்துப்போன சுப்பு ஆறுமுகம் 2022-இல் மறையும்வரை அந்த வழியில் காந்தி கதையும் பாரதி கதையும் பாடினார். கோவில் வாசலைத் தாண்டி வில்லைக் கேட்காத பெருங்கூட்டம் அதைக் கேட்டது. 1984 அக்டோபர் 30-இல் இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் நம் நாகர்கோவிலில்தான் தொடங்கியது. வட்டாரக் கலைஞர்களுக்கு அது பெரிய வாசல். ஆனால் வானொலிக்கு என்று ஒரு நிமிடக்கணக்கு உண்டு. சிறுசேமிப்பு, எழுத்தறிவு, குடும்பக் கட்டுப்பாடு என்று அரசுப் பிரசாரத்துக்கு வில் போனபோது இன்னும் சுருங்கியது. 2007-இல் சென்னை சங்கமம் என்ற கலைவிழா வந்தது. பூங்காவிலும் கடற்கரையிலும் நம் கலைஞர்கள் ஆடினார்கள், பாடினார்கள். பத்துக் கலைகளை ஒரே மாலையில் காட்ட வேண்டும் என்றால் ஒருவருக்கு அரைமணிக்கு மேல் எப்படிக் கிடைக்கும்? இவற்றால் கலைஞருக்குக் கிடைத்த மதிப்பையும் பணத்தையும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். குறை நம் பக்கம் இருக்கிறது. வெளியூர் மேடைக்காக வெட்டிய சட்டையையே உள்ளூரிலும் போட்டுக்கொண்டோம். நாகர்கோவிலில் நடக்கிற கலைவிழாவிலும் வில்லுக்கு இருபது நிமிடம் என்று அழைப்பிதழில் அச்சிடத் தொடங்கினோம்.

கோவிலிலும் நேரம் போயிற்று. வயல்கள் வாழைக்கும் ரப்பருக்கும் வீட்டுமனைக்கும் மாறின. அறுவடை முடிந்து ஓய்ந்திருக்கும் ஊர் என்று ஒன்று இல்லாமல் ஆயிற்று. மறுநாள் அலுவலகம், மறுநாள் பரீட்சை. கொடைக்குச் செண்டைமேளமும் இன்னிசைக் கச்சேரியும் வந்து, வரிப்பணத்தில் பெரும்பங்கு அந்தப் பக்கம் போனது. ஒலி மாசு விதிகள் 2000-இல் வந்தன. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. ஆண்டில் 15 நாளுக்கு மிகாமல் மாநில அரசு நள்ளிரவு வரை தளர்த்தலாம், அவ்வளவுதான். 2005-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொன்னது. நோயாளியையும் படிக்கிற பிள்ளையையும் நினைத்தால் அந்த விதி நியாயமானது. ஆனால் கதை சாவை நெருங்குகிற நேரமும் ஒலிபெருக்கியை அணைக்கிற நேரமும் ஒன்றாகிவிட்டன.

பிறகு கொரோனா. 2020 மார்ச் 25-இல் ஊரடங்கு வந்தபோது பங்குனி பிறந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. 2021-இலும் ஏப்ரலிலேயே திருவிழாக்களுக்குத் தடை வந்துவிட்டது. இரண்டு கொடைக்காலங்கள் அடுத்தடுத்துப் போயின. மூன்று மாதத்தை வைத்து ஆண்டை ஓட்டுகிறவருக்கு அது இரண்டு ஆண்டு பட்டினி. அந்த நாளில் குடத்தைப் பரணில் வைத்துவிட்டுக் கொத்தனார் கையாளாகப் போனவர்களில் எல்லோரும் திரும்பி வந்துவிடவில்லை.

நேரம் சுருங்கியதால் கலைக்குள் என்ன நேர்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும். இது வெளியே தெரியாத சேதம். குடம் அடிக்கிறவன் இரவு முழுக்க இடத்தே உட்கார்ந்து பின்பாட்டுப் பாடிப் பாடியே கதைகளைக் கற்கிறான். அண்ணாவி களைத்த விடியற்காலையில் அவனுக்கு ஒரு பகுதியை எடுத்துப் பாட வாய்ப்புக் கிடைக்கும். வலத்துக்கு அவன் வருகிற வழி அதுதான். இருபது நிமிட நிகழ்ச்சியில் களைப்பும் இல்லை, விடியற்காலையும் இல்லை. முதலிலிருந்து முடிவுவரை தலைமைக் கலைஞர் ஒருவரே பாடிவிடுவார். அடுத்த அண்ணாவி உருவாக இடமே இல்லை.

கதையும் மெலிகிறது. வலிய தம்பி, குஞ்சுத் தம்பி கதையை எடுத்துக்கொள்ளுங்கள். மார்த்தாண்டவர்மா 1729-இல் திருவிதாங்கூர்ப் பட்டத்துக்கு வந்தவர்; ராமவர்மா மகாராஜாவின் பிள்ளைகளான இந்தத் தம்பிமார் அவரை எதிர்த்தவர்கள். அரண்மனை வரலாறு அவர்களைத் துரோகிகள் என்கிறது. 1891-இல் சி. வி. ராமன் பிள்ளை எழுதிய மலையாள நாவலும் அந்தப் பக்கம்தான் நின்றது. வில்லுப்பாட்டு மட்டும் தோற்றவர்களின் வீட்டுக்குள் போய் உட்கார்கிறது. அவர்களுடைய தாயையும் தங்கையையும் பேசவைக்கிறது. கொல்லப்பட்டவர்கள் தெய்வமானார்கள். அரசன் வென்ற அதே மண்ணில் தோற்றவனுக்கு விளக்கு ஏற்றிக் கும்பிடுகிற மனம் இந்த நாட்டு மக்களுக்கு இருந்தது என்பதற்கு அந்தப் பாட்டே சாட்சி. இதை இருபது நிமிடத்தில் சொன்னால் என்ன மிஞ்சும்? யார் யாரைக் கொன்றார்கள் என்ற செய்தி மிஞ்சும். தாயின் பேச்சு முதலில் வெட்டுப்படும், தங்கையின் புலம்பல் அடுத்து. வெட்டி எடுத்தபின் நிற்பது அரண்மனை வரலாற்றின் சுருக்கம்தான்.

கொட்டாரம் பூங்கனி அம்மாவை இந்த அவையில் நினைக்காமல் இருக்க முடியாது. பெண்கள் வில்லின் முன் உட்காருவது அரிதாக இருந்த காலத்தில் சிறுமியாக வந்து உட்கார்ந்தவர். தென்பாண்டி நாட்டுக் கோவில்களில் பல பத்தாண்டுகள் பாடியவர். முதுமையில் வில் கையை விட்டுப் போய், சிறு வீட்டில் தனியாக வாழ்ந்தார். கடைசிச் சில ஆண்டுகளில்தான் வெளியூர்க்காரர்கள் தேடிவந்து பேட்டி கண்டார்கள், பதிவு செய்தார்கள். 2018 நவம்பரில் மறைந்தார். அவர் நினைவில் இருந்த கதைகளில் எத்தனை முழுதாகப் பதிவாகின? மறைந்தபின் எழுதுகிற இரங்கல் கட்டுரைகளில் நாம் காட்டும் உருக்கத்தை, இருக்கும்போதே பத்து முழு இரவுகளாகக் கொடுத்திருந்தால் இன்றைக்கு நம்மிடம் பத்துக் கதைகள் அவர் குரலில் இருந்திருக்கும். இன்றும் எழுபது வயதைத் தாண்டிய அண்ணாவிகள் இந்த மாவட்டத்தில் இருக்கிறார்கள். நான் அவசரப்படுவதற்குக் காரணம் அவர்கள்தான்.

தோல்பாவைக் கூத்தின் நிலை இன்னும் கடினம். மராத்திய மன்னர் காலத்தில் தஞ்சைப் பக்கம் வந்து, பிறகு தெற்கே இறங்கிய கணிகர் குடும்பங்கள் ஆட்டுத்தோலில் செதுக்கி வண்ணம் தீட்டிய பாவைகளை வைத்து ராமாயணத்தைப் பல இரவுகள் தொடர்ந்து காட்டியவர்கள். உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் இடையில் வந்து ஊரைச் சிரிக்கவைப்பார்கள். இன்று பள்ளிக்கூடத்தில் அரைமணி நேர விழிப்புணர்வு நிகழ்ச்சி என்றால் அந்த இரண்டு பேர் மட்டும் போதும் என்று ஆகிவிட்டது. ராமனும் ராவணனும் பெட்டியிலேயே கிடக்கிறார்கள். பாவையை வெளியே எடுத்து வெளிச்சத்தில் அடிக்கடி காட்டாவிட்டால் தோல் சுருண்டு போகும். பட்டாபிஷேகம் வரை ஆட்டத் தெரிந்தவருக்குப் பிறகு அந்தப் பாவைகளை எந்த வரிசையில் எடுக்க வேண்டும் என்பதும் தெரியாமல் போய்விடும்.

இவ்வளவும் சரி, இன்றைக்கு யார் இரவு முழுக்க உட்காருவார்கள் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. தக்கலையில் உட்காருகிறார்கள். சாமித்தோப்பில் பதினேழு நாள் வந்து கேட்கிறார்கள். மண்டைக்காட்டுக்கும் சுசீந்திரத்துக்கும் குடும்பம் குடும்பமாக வந்து விடியவிடிய நிற்கிறார்கள். ஆட்களுக்கு விழித்திருக்கத் தெரியாமல் போகவில்லை. இந்த இரவு வீண்போகாது என்ற நம்பிக்கை இருந்தால் வருகிறார்கள். நம் மன்றங்கள் அந்த நம்பிக்கையை இன்னும் சம்பாதிக்கவில்லை. தலைவர் உரை, வாழ்த்துரை, சிறப்புரை, நினைவுப் பரிசு என்று ஒன்றரை மணி நேரம் ஓட்டிவிட்டுக் கலைஞரிடம் சுருக்கமாக முடியுங்கள் என்று சீட்டு அனுப்புகிற இடத்துக்கு யார் விழித்திருக்க வருவார்கள்?

வழி இருக்கிறது. ஒலி மாசு விதிகள் திறந்த வெளியைத்தான் கட்டுப்படுத்துகின்றன. அடைத்த அரங்குக்குள், ஒலி வெளியே போகாமல் நடத்துகிற நிகழ்ச்சிக்கு இரவிலும் அவை தடை சொல்லவில்லை. கோவில் வாசலில் இன்றைக்கு முடியாத முழு இரவு இந்த அரங்கில் முடியும். நூறு பேர் உட்காருகிற கூடத்தில் வில்லுக்கு ஒலிபெருக்கியும் தேவையில்லை. குடத்தின் வாயில் மட்டை விழுகிற ஓசை கடைசி வரிசைக்கு நெஞ்சில் வந்து அடிக்கும். மைக் வருவதற்கு முன் நூற்றாண்டுக்கணக்கில் இந்தக் கலை தன் குரலை நம்பித்தான் நடந்தது. கோவிலின் இடத்தை மன்றம் எடுத்துக்கொள்ளலாம் என்று நான் சொல்லவில்லை. சாமியாடுவதற்கும் படைப்புக்கும் உரிய இடம் கோவில். அரங்கில் வரத்துப் பாட வேண்டாம் என்று ஓர் அண்ணாவி சொன்னால் அந்தச் சொல்லை மதிக்க வேண்டும். சில கதைகளைக் கோவிலுக்கு வெளியே பாட ஊர் சம்மதிக்காது. அதையும் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் தொட வேண்டும். ஆனால் கதையின் முழு உடம்பையும், அது வளர்கிற நேரத்தையும் காப்பாற்றுகிற வேலையை மன்றம் செய்யலாம்.

ஆவணி முதல் கார்த்திகை வரை வில்லுக்காரர்களுக்குக் கை ஓய்வான காலம். அந்த நான்கு மாதமும் மாதம் ஓர் இரவு, ஒரு குழு, ஒரு கதை. முதல் இரவுக்கு இரவிக்குட்டிப் பிள்ளை போர் என்று நான் பரிந்துரைக்கிறேன். திருமலை நாயக்கர் படையோடு வேணாட்டுத் தளபதி பொருது மாண்ட கணியாகுளம் இங்கிருந்து கூப்பிடு தூரம். அந்த ஊர்ப்பெயர் பேருந்துப் பலகையில் தினமும் நம் கண்ணில் படுகிறது. அங்கே தலை கொடுத்தவனின் கதையை முழுதாகக் கேட்டவர்கள் இந்த அவையில் எத்தனை பேர் இருப்பார்கள்? பாடும் குழுவில் இடத்தே ஓர் இளையவர் இருக்க வேண்டும், விடியும் முன் ஒரு பகுதியை அவர் எடுத்துப் பாட வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். பெண் அண்ணாவி ஒருவராவது நான்கு இரவில் ஓர் இரவுக்கு வர வேண்டும். குழுவில் எத்தனை பேரோ அத்தனை பேருக்கும் தனித்தனியாகக் கூலி. குடம் அடிக்கிறவர் அண்ணாவியிடம் கைநீட்டி வாங்குகிற நிலை வேண்டாம். பேச்சுக்கு இடமே வைக்காதீர்கள், அறக்கட்டளைச் சொற்பொழிவு உட்பட. நள்ளிரவில் கேட்போருக்கும் கலைஞருக்கும் ஒரே பந்தியில் கஞ்சியும் பயறும் பப்படமும் போடுங்கள். ஒளிப்பதிவு தொடங்கியதிலிருந்து முடியும்வரை ஒரே மூச்சில் ஓட வேண்டும். அதன் ஒரு படி அண்ணாவியின் வீட்டுக்கும், ஒரு படி கதைக்குரிய ஊர்க் கோவிலுக்கும் போக வேண்டும்.

இது நடந்தால் அடுத்த ஆண்டு பாவைக்கூத்துக்குப் பத்து இரவு கேட்பேன். அதற்குப் பிள்ளைகள் வர வேண்டும் என்பதால் முழு ஆண்டுப் பரீட்சை முடிந்த விடுமுறைதான் ஏற்ற காலம்.

ஒன்று மட்டும் செயற்குழுவுக்கு. அண்ணாவிகள் கொடைக்கால நாட்களை மாசிக்குள் ஒப்புக்கொண்டு முடித்துவிடுவார்கள். நாட்குறிப்பைக் கையில் வைத்து அடுத்த ஆண்டைப் பங்கிடுகிற அந்த நேரத்திலேயே நம் நான்கு இரவும் அதில் ஏற வேண்டும், அச்சாரத்தோடு. ஆடியில் போய்க் கேட்டால் குடம் அடிக்கிற பையன் வேறு வேலைக்குப் போயிருப்பான். ஆகவே தீர்மானத்தை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளாமல் இந்தக் கூட்டத்திலேயே எடுத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.